கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற ஸ்மார்ட்போன்: முதல் முறை வாங்குபவர்களுக்கு

"இந்த விலைக்குள் எந்த போன் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவதில்லை, "எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அதை யோசித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பட்ஜெட் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஒரு போனின் விலை 100 பங்கு, இரண்டாவது வருடமே திணற ஆரம்பித்து மாற்ற வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றின் விலை 150 பங்கு, ஐந்து வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. முதல் போனுக்கு வருடத்துக்கு 50 பங்கு செலவு, இரண்டாவதற்கு 30 பங்குதான். கடையில் மலிவாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்தபின் அதிகச் செலவாகிவிட்டது.

இதற்காக விலை கூடக்கூட நல்லது என்று அர்த்தமில்லை. ஓர் அளவுக்கு மேல் போனால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நீங்கள் தொடவே போகாத வசதிகளுக்குப் போய்விடும். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் லென்ஸ், டைட்டானியம் சட்டம், சில நிமிடம் மிச்சமாகும் சார்ஜிங் என்று. நமக்குத் தேவையானது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அதைத் தேடும் வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தொகை

கடைக்கோ இணையதளத்துக்கோ போவதற்கு முன்பே அதிகபட்சத் தொகையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் போதாது, ஏனென்றால் "இன்னும் கொஞ்சம் போட்டால் இதைவிட நல்லது கிடைக்கும்" என்ற பேச்சு எல்லா விலையிலும் இருக்கிறது, ஒவ்வொரு படியாக ஏறிப்போய் கடைசியில் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். எழுதிய தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கவர், திரைக்கு ஒட்டும் கண்ணாடி, முக்கியமாக சார்ஜர் வாங்க. 2020-இல் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் பெட்டியில் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது, அடுத்த வருடமே சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21-இல் அதையே செய்தது. இப்போது பல போன்களின் பெட்டிக்குள் ஒரு கேபிள் மட்டும்தான் இருக்கும். தவணையில் வாங்குவதென்றால் மாதத் தவணையைப் பார்க்காதீர்கள், கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள், அதுதான் போனின் உண்மையான விலை.

உங்கள் பழைய போனே சாட்சி

"நான் சாதாரணமாகத்தான் பயன்படுத்துவேன்" என்று எல்லோருமே சொல்வார்கள். அதை நம்பாமல் இப்போதிருக்கும் போனின் செட்டிங்ஸைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்டோரேஜ் பக்கத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, அதில் படங்களும் வீடியோக்களும் எவ்வளவு. பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் அதிகம் தின்கிறது. திரை நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எதில். இந்த மூன்றையும் பார்த்தால் உங்களுக்கு கேமரா முக்கியமா, பேட்டரியா, இல்லை வேகமா என்று தானாகவே தெரிந்துவிடும். முழு நாளும் வரைபடத்தைத் திறந்து வைத்து வண்டி ஓட்டுகிறவருக்கும் மாலையில் வீடியோ பார்க்கிறவருக்கும் ஒரே போன் பொருந்தாது.

இதுதான் முதல் ஸ்மார்ட்போன் என்றால் இன்னும் எளிது: அதில் செய்யப்போகும் ஐந்து வேலைகளை வரிசையாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கு மட்டும் பணத்தைக் கொட்டுங்கள், மற்றவை ஓரளவுக்கு இருந்தால் போதும்.

அப்டேட் எதுவரை வரும்?

பலரும் கடைசியில் பார்ப்பதை, அல்லது பார்க்காமலே விடுவதை, நான் முதலில் பார்ப்பேன். போனின் கண்ணாடியும் உலோகமும் ஐந்தாறு வருடம் தாங்கும், மென்பொருள் அவ்வளவு நாள் தாங்குமா என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். அப்புறம் ஒவ்வோர் ஆப்பாகக் கைவிட ஆரம்பிக்கும். 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 15.1-க்குக் கீழே இருக்கும் ஐபோன்களில் வாட்ஸ்அப் ஓடாது. ஐபோன் 6 வைத்திருந்தவருக்கு போன் நன்றாகவே இருந்தாலும் அதற்கு ஐஓஎஸ் 12-க்கு மேல் கிடையாது, வேறு வழியில்லை. வங்கி ஆப்களும் இப்படித்தான், பழைய பதிப்புகளை விட்டுவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால் இந்தக் காலக்கெடு நீண்டுகொண்டே வருகிறது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் அறிவித்தது, சாம்சங் 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24-க்கு அதையே சொன்னது. குறைந்த விலை போன்களில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது, ஆனால் அங்கேயும் மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே விலையில் இரண்டு போன், ஒன்றுக்கு இரண்டு வருடம், மற்றதற்கு ஐந்து வருடம் என்றால் மற்ற எல்லாமே சுமாராக இருந்தாலும் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு கிடைப்பது வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. "மூன்று பதிப்பு, நான்கு வருடப் பாதுகாப்பு" என்பது போலத் தனித்தனியாகத்தான் சொல்வார்கள். இன்னொன்று, பொதுவாக இந்த வருடக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். வெளிவந்து இரண்டு வருடமான போனைத் தள்ளுபடியில் வாங்கினால் நான்கு வருட வாக்குறுதியில் உங்களுக்கு மிச்சம் இரண்டுதான். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, எந்த வருடம் எந்த மாதம் வரை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்டோரேஜ், ரேம்

அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன், "பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும்தானே" என்று 32 ஜிபி எடுத்தேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒருநாள் போய்ப் பார்த்தால் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு பேத்தியின் வீடியோக்களை ஒவ்வொன்றாக முழுசாகப் பார்த்து, பார்த்து, எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். "இடம் இல்லைன்னு சொல்லுதுப்பா" என்றார். அழித்தவற்றில் குழந்தை முதல்முதலாக நடந்த வீடியோவும் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்டோரேஜில் மிச்சம் பிடிக்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை.

இயங்குதளமும் கூடவே வரும் ஆப்களும் பெட்டியைத் திறக்கும்போதே 15 முதல் 25 ஜிபி வரை எடுத்துக்கொண்டிருக்கும். 64 ஜிபி போனில் உங்களுக்குக் கிடைப்பது நாற்பது சொச்சம். ஆகவே 128 ஜிபியைக் குறைந்தபட்சமாக வையுங்கள், வீடியோ நிறைய எடுப்பவர் 256. மெமரி கார்டு போடலாமே என்றால், போடலாம், படங்களுக்கு அது போதும். ஆனால் ஆப்களும் வாட்ஸ்அப்பும் போனின் உள் இடத்தைத்தான் பிடிக்கும். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே பள்ளம்தான் இருக்கும், இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும், அதையும் கவனியுங்கள்.

அளவு மட்டும் பார்த்தால் போதாது, எந்த வகை ஸ்டோரேஜ் என்பதும் முக்கியம். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகை இருக்கும், மற்றவற்றில் யுஎஃப்எஸ். இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். ஒரு பக்கம் ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆப்பைத் திறந்தால் போன் உறைந்து நிற்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய போன் ஆறு மாதத்தில் மந்தமாகிவிட்டது என்று புலம்ப வேண்டி வருவதற்கும் இது ஒரு காரணமாகலாம். விவரப் பட்டியலில் யுஎஃப்எஸ் 2.2 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நிம்மதி.

ரேம் என்பது திறந்திருக்கும் ஆப்கள் தற்காலிகமாகப் பிடிக்கும் இடம். அது 6 ஜிபி இருந்தால் அன்றாட வேலைகளுக்குச் சரி, நான்கு வருடம் வைத்திருக்க நினைத்தால் 8. விளம்பரத்தில் "16 ஜிபி ரேம்" என்று பெரிதாகப் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் "8+8" என்று இருக்கும். அந்த இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அது ரேம் அல்ல, ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பிராசஸர்

போனின் மூளையான இந்தச் சிப்பின் பெயர்கள்தான் புதியவர்களை அதிகம் பயமுறுத்தும், ஆனால் கொஞ்சம் தெரிந்தால் போதும். சிப் தயாரிக்கும் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகனில் 4, 6, 7, 8 என்று வரிசைகள், எண் கூடக்கூட வேகம். இன்னொரு சிப் நிறுவனமான மீடியாடெக்கில் ஹீலியோ என்றால் 4ஜி வரைதான், டைமென்சிட்டி என்றால் 5ஜி. ஆனால் வரிசை எண்ணோடு வயதையும் பாருங்கள். நான்கு வருடம் முந்தைய ஒரு சிப்பைப் புதிய உடையில் போட்டு விற்பது சர்வ சாதாரணம். சிப்பின் பெயரையும் அது எந்த வருடம் வந்தது என்பதையும் இணையத்தில் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் விலை அதற்கேற்றபடி குறைவாக இருக்க வேண்டும். பெரிய விளையாட்டுகள் ஆடாதவர் இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

திரையும் பேட்டரியும்

திரையில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். கடைக்குள் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். முடிந்தால் போனை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு செய்தியைப் படித்துப் பாருங்கள். அதன் அளவை நிட்ஸ் என்ற எண்ணில் சொல்வார்கள், விளம்பரத்தில் வரும் மிகப்பெரிய எண் திரையின் சிறு பகுதி சில நொடி மட்டும் எட்டும் உச்சம். ஓஎல்இடி திரையில் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கும், எல்சிடியில் லேசான சாம்பல். கண்ணுக்கு அதைவிட அதிகம் தெரிவது கூர்மை: 6.7 அங்குலத் திரையில் 720×1600 என்றால் அங்குலத்துக்கு சுமார் 260 புள்ளிகள், 1080×2400 என்றால் சுமார் 390. சின்னத் தமிழ் எழுத்துகளில், அதுவும் சுழியும் புள்ளியும் நெருங்கி வரும் இடங்களில், வித்தியாசம் நன்றாகவே தெரியும். 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 90 இருந்தாலே விரலால் தள்ளும்போது இதமாக இருக்கும், 120-க்காகத் தனியாகப் பணம் கூட்ட வேண்டாம்.

பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் என்ற எண்ணில் சொல்வார்கள், 5000 எம்ஏஎச் என்பது இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் வழக்கமான அளவு. ஆனால் அந்த எண் எத்தனை வருடம் தாங்கும் என்பதைச் சொல்லாது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முழு சார்ஜ் சுற்றிலும் துளித்துளியாகத் தேயும். ஒருநாள் பாதி, மறுநாள் பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. பழைய ஐபோன்களுக்கு 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு என்று ஆப்பிள் சொல்லிவந்தது, ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. தினமும் ஒரு சுற்று என்றால் 800 என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். எனவே நான்கைந்து வருடத் திட்டம் என்றால் நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டி வரலாம், அதற்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எவ்வளவு ஆகும் என்று இப்போதே விசாரித்து, அந்தச் செலவையும் போனின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கேமரா

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது, 50 மெகாபிக்சல் கேமரா நான்கைச் சேர்த்து 12.5. கடைசியில் கையில் கிடைக்கும் படம் கிட்டத்தட்ட ஒரே அளவு. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சென்சாரின் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) பரப்புக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்கும். சென்சார் அளவை 1/1.56, 1/2.76 என்று பின்னமாகத் தருவார்கள், கீழே இருக்கும் எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. ஓஐஎஸ் என்ற எழுத்துகள் இருந்தால் கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும், மாலை வெளிச்சத்தில் அது நன்றாகக் கைகொடுக்கும்.

பின்பக்கம் மூன்று வட்டம் இருப்பதால் மூன்று நல்ல கேமரா என்று நினைக்க வேண்டாம். குறைந்த விலை போன்களில் அவற்றில் ஒன்றோ இரண்டோ 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்க), டெப்த் (பின்னணியை மங்கலாக்க உதவ) என்று எண்ணிக்கைக்காக வைத்தவை, இரண்டு நாள் பார்த்துவிட்டு மறந்துவிடுவீர்கள். ஒரே ஒரு நல்ல முதன்மைக் கேமரா இருந்தால் அதுவே மேல். கடையில் சோதிக்கும்போது வெளிச்சம் குறைந்த மூலையைத் தேடிப் போங்கள், உடன் வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி ஒரு படம் எடுங்கள், பிறகு பெரிதாக்கி விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எந்த போனும் அழகாகத்தான் எடுக்கும்.

மற்றவை, வேகமாக

5ஜி இருக்கிறது என்பது மட்டும் போதாது, உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகள் போனில் இருக்க வேண்டும். என்28, என்78 என்பது போல எழுதியிருக்கும், இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த போன் என்றால் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதை ஐபி என்ற எண்ணில் சொல்வார்கள்: ஐபி68 என்றால் தூசியும் நுழையாது, தண்ணீரில் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும், ஐபி54 என்றால் ஓரளவு தூசியும் தெறிப்பும் மட்டும். இரண்டிலுமே தண்ணீரால் வரும் பழுது பெரும்பாலும் உத்தரவாதத்தில் அடங்காது. போனைக் கடையின் கருவியருகே காட்டிப் பணம் செலுத்துவீர்கள் என்றால் என்எஃப்சி வசதி வேண்டும், பழைய இயர்போன் வைத்திருந்தால் 3.5 மிமீ துளை வேண்டும். பூட்டுத் திரையில் விளம்பரம் காட்டும் போன்களும் உண்டு, அதை நிறுத்த முடியுமா என்று வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள்.

போன வருடத்து உயர்ரக போனா, இந்த வருடத்து மலிவானதா?

அப்டேட் மிச்சம் போதுமான அளவு இருந்தால் நான் போன வருடத்து உயர்ரக போன் பக்கம்தான். நல்ல சிப், வேகமான ஸ்டோரேஜ், உருப்படியான கேமரா எல்லாம் குறைந்த விலையில் கிடைக்கும். புதுப்பித்து விற்கப்படும் போன்களும் பட்ஜெட்டுக்கு நல்ல வழி, எழுத்தில் உத்தரவாதம் தருபவர்களிடம் வாங்கினால்.

தனிநபரிடம் பழைய போன் வாங்குகிறீர்களா, அப்போது அவசரமே கூடாது. *#06# என்று அழுத்தினால் அந்த போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அது பெட்டியிலும் ரசீதிலும் இருப்பதோடு பொருந்துகிறதா, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு செட்டிங்ஸ் வழியாக எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அப்படிச் செய்யாத போன் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், அது தெரியாவிட்டால் அந்த போனை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அழித்த பிறகு உங்கள் கணக்கைப் போட்டு முகப்புத் திரை வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள், முழுக்கச் சாம்பல் நிறமான ஒரு படத்தைத் திறந்து திரையில் பழைய எழுத்துகளின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள், சார்ஜர் கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், விட்டுவிட்டு ஏறினால் துளை தேய்ந்திருக்கிறது.

வாங்கும் நாள், முதல் வாரம்

மூன்று போனாகச் சுருக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட முயலுங்கள். தமிழில் நான்கு வரி தட்டச்சு செய்யுங்கள். பத்து ஆப்களை அடுத்தடுத்துத் திறந்துவிட்டு முதலில் திறந்ததற்குத் திரும்புங்கள், அது மறுபடி ஆரம்பத்திலிருந்து ஏறுகிறதென்றால் ரேம் போதவில்லை. இதெல்லாம் பத்து நிமிட வேலை, இந்தப் பத்து நிமிடத்தை உங்களுக்காக யாரும் செய்ய மாட்டார்கள்.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதை முத்திரையிலிருந்து தொடங்கி வீடியோ எடுங்கள், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் போனைப் பத்திரமாக அலமாரியில் வைக்காமல் நன்றாக வேலை வாங்குங்கள்: நீண்ட அழைப்பு, வெயிலில் வரைபடம், வைஃபை, ப்ளூடூத், முழு சார்ஜிலிருந்து காலியாகும் வரை ஒருநாள். குறை இருந்தால் பெரும்பாலும் இதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் ரசீதையும் ஐஎம்இஐ எண்ணையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். போனுக்குள்ளேயே வைத்திருந்தால், தொலையும் அன்று அதுவும் சேர்ந்தே தொலைந்திருக்கும்.